மறுசேர்க்கை மனிதப் புரதங்கள்: ஆர்டர் போடுவதிலிருந்து செல்லில் விடுவது வரை

சென்னையில் தரமணி, கிண்டி, அடையாறு, சேத்துப்பட்டு என்று எந்தப் பக்கத்து ஆய்வகத்தில் சேர்ந்தாலும், செல் கல்ச்சர், அதாவது செல்களைத் தட்டில் வளர்க்கும் வேலை, உங்கள் பொறுப்புக்கு வந்த சில வாரங்களில் ஒரு சின்னக் குப்பியும் கைக்கு வந்துவிடும். லேபிளில் ‘மனித டி.என்.எஃப். ஆல்ஃபா, 10 மைக்ரோகிராம்’ என்றோ ‘மனித இன்டர்லூகின்-2’ என்றோ போட்டிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். அதில் தவறில்லை. உறையவைத்து உலர்த்திய 10 மைக்ரோகிராம் புரதம் கண்ணுக்குத் தெரியாது. கூடச் சேர்த்த உப்போ சர்க்கரையோ இருந்தால்தான் அடியில் வெள்ளைப் படலம் தெரியும். காலிக் குப்பி வந்துவிட்டதென்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

எம்.எஸ்ஸி. புராஜெக்ட் செய்பவர்களையும் பி.எச்டி. முதலாண்டில் இருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இந்தக் குப்பிகளில் இருப்பவை மறுசேர்க்கைப் புரதங்கள்: மனித மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள்ளோ வேறொரு செல்லுக்குள்ளோ வைத்து, அதையே மனிதப் புரதம் செய்யவைத்துப் பெற்றவை. 1978-ல் ஈ. கோலை பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினைச் செய்தார்கள். 1982-ல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. அதே வழியில் வந்தவைதான் இன்று நாம் வாங்கும் சைட்டோகைன்களும் வளர்ச்சிக் காரணிகளும் (செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதங்கள்). ஒரே பெயரில் பத்து நிறுவனங்கள் விற்கின்றன. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பத்துக் குப்பியும் ஒரே பொருளாகிவிடாது. எந்தத் துண்டு, எந்தச் செல்லில் விளைந்தது, எந்த வால் (புரதத்தோடு கூடுதலாகச் சேர்த்த துண்டு) ஒட்டியிருக்கிறது, கூட என்ன கலந்திருக்கிறது என்ற நான்கும் உங்கள் முடிவை மாற்றக்கூடியவை. விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குவதுதான் இந்த வேலையில் ஆகப்பெரிய செலவு.

முதல் படி: எதற்காக வாங்குகிறோம்?

ஆர்டர் போடுமுன் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். செல்லைத் தூண்டவா? எலிசாவில் (ஆன்டிபாடியைக் கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) ஸ்டாண்டர்டாக, அதாவது அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரியாக, வைக்கவா? பிளேட்டில் பூசவா? ஆன்டிபாடி உண்டாக்கவா? தூண்டுவதற்கு நானோகிராம் கணக்கில் போதும், ஆனால் செயல்திறன் இருந்தாக வேண்டும். பூசுவதற்கும் ஆன்டிபாடிக்கும் மைக்ரோகிராம், மில்லிகிராம் தேவைப்படும். செயல்திறன் இரண்டாம் பட்சம், தூய்மை முக்கியம். எலிசா ஸ்டாண்டர்டு என்றால் அந்தக் கிட்டோடு வந்ததையே பயன்படுத்துங்கள். காசநோய் ஆய்வு வேரூன்றிய இந்த ஊரில், காசநோய்க் கிருமிக்கு எதிராக உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவை அளக்காத இம்யூனாலஜி மாணவர் குறைவு. தீர்ந்துபோன ஸ்டாண்டர்டுக்குப் பதிலாக ஃப்ரீசரில் கிடக்கும் வேறு நிறுவனத்துக் குப்பியைக் கரைத்து வளைகோடு போட்டால், கிட்டின் ஆன்டிபாடி அதை அதே அளவில் பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கோடு அழகாக வரும், எண்கள் தவறாக இருக்கும்.

இரண்டாம் படி: எந்தத் துண்டு, எந்த விலங்கின் செல்

யூனிப்ராட் என்ற புரதத் தகவல் தளத்தில் உங்கள் புரதத்தின் பக்கத்தை முதலில் திறந்து வையுங்கள். மனித டி.என்.எஃப். ஆல்ஃபாவின் எண் பி01375. மொத்தம் 233 அமினோ அமிலங்கள். அதில் செல்லிலிருந்து வெட்டுப்பட்டு வெளியே வருவது 77 முதல் 233 வரையுள்ள பகுதி மட்டுமே. டேட்டா ஷீட்டில் அந்த எல்லை இருக்கிறதா என்று பாருங்கள். இது மூன்று மூன்றாகச் சேர்ந்துதான் வேலை செய்யும். ஆனாலும் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் 17 கிலோடால்டன் பக்கத்தில் ஒற்றையாகத்தான் ஓடும். அதைக் கண்டு பதற வேண்டாம். இன்டர்லூகின்-2 வாங்கினால், முதிர்ந்த புரதத்தின் 125-வது இடத்திலுள்ள சிஸ்டைனைப் பலர் செரைனாக மாற்றியிருப்பார்கள். அந்தச் சிஸ்டைன் தவறான இணைப்பு போட்டுவிடாமல் தடுக்கச் செய்த மாற்றம் அது, குறையல்ல.

அடுத்தது விலங்கினம். நம் ஆய்வகங்களில் பலருக்குச் செல்கள் புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து (என்.சி.சி.எஸ்.) வருகின்றன, அவற்றில் ரா 264.7 என்ற மேக்ரோஃபேஜ் (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்) மிகப் பிரபலம். அது எலிச் செல். அதன்மேல் மனித இன்டர்ஃபெரான் காமாவை எவ்வளவு கொட்டினாலும் பதில் வராது, எலியின் ஏற்பி அதைப் பிடிப்பதில்லை. மனித இன்டர்லூகின்-4-க்கும் ஜி.எம்.-சி.எஸ்.எஃப்.புக்கும் இதே கதைதான். ஆனால் மனித இன்டர்லூகின்-2, வளர்ச்சிக் காரணியான இ.ஜி.எஃப். இரண்டும் எலிச் செல்களில் நன்றாக வேலை செய்யும். மனித டி.என்.எஃப்., எலியின் இரண்டு ஏற்பிகளில் முதலாவதோடு மட்டும் சேரும். ஆகவே பொதுவிதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு புரதத்துக்கும் தனியாகத் தேடிப் படிக்க வேண்டும். இந்த ஒரு தேடலைச் செய்யாததால் மாதக்கணக்கில் பூஜ்யம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மூன்றாம் படி: எங்கே விளைந்தது, என்ன ஒட்டியிருக்கிறது

ஈ. கோலை மலிவு, வேகம். ஆனால் மனிதச் செல் செய்வதுபோல அதற்குச் சர்க்கரைச் சங்கிலி போடத் தெரியாது. புரதம் பெரும்பாலும் உருண்டையாய்த் திரண்டுவிடும், அதைக் கரைத்து மறுபடி மடிக்க வேண்டியிருக்கும். டி.என்.எஃப்., இன்டர்லூகின்-2, இ.ஜி.எஃப். போன்ற சின்னப் புரதங்களுக்கு இதுவே போதும். இன்டர்ஃபெரான் காமா இயற்கையில் சர்க்கரையோடு இருந்தாலும் ஈ. கோலை வடிவம் செல் கல்ச்சரில் வேலை செய்கிறது. டி.ஜி.எஃப். பீட்டா 1 அப்படியல்ல. அதன் டைசல்ஃபைடு இணைப்புகள் சிக்கலானவை, அதனால் சி.எச்.ஓ. அல்லது எச்.இ.கே. 293 என்ற பாலூட்டிச் செல்லில் செய்ததையே வாங்குவது நல்லது. டபிள்யு.என்.டி. 3ஏ-வுக்கு ஒரு கொழுப்புச் சங்கிலி ஒட்டியிருந்தால்தான் உயிர்; பாக்டீரியாவில் செய்தது பயன்படாது. பூச்சிச் செல்லும் ஈஸ்டும் சர்க்கரை போடும், ஆனால் மனிதச் செல் போடும் சர்க்கரையாக இருக்காது. ஏற்பிகளையோ ஆன்டிபாடி பிணைவதையோ ஆராய்கிறீர்கள் என்றால் பாலூட்டிச் செல்லில் விளைந்ததற்கே பணம் கொடுங்கள்.

ஆறு ஹிஸ்டிடின் வால் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. எஃப்.சி. வால் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். அது ஆன்டிபாடியின் பின்பகுதி; மேக்ரோஃபேஜும் மோனோசைட்டும் அதைப் பிடிக்கும் ஏற்பிகளை மேலேயே வைத்திருக்கின்றன. உங்கள் புரதம் ஒன்றும் செய்யாவிட்டாலும் எஃப்.சி. மட்டுமே செல்லை எழுப்பிவிடலாம். வெறும் எஃப்.சி. புரதத்தை அதே மோலார் அளவில் கன்ட்ரோலாக வைக்காமல் அந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள்.

கூடக் கலந்திருப்பது பெரும்பாலும் பி.எஸ்.ஏ. என்ற மாட்டு அல்புமின். புரதம் குப்பியின் சுவரில் ஒட்டி வீணாகாமல் அது காக்கிறது. அதன் அளவு உங்கள் புரதத்தைவிடப் பல மடங்கு இருக்கும். அப்படிப்பட்ட குப்பியை ஜெல்லில் ஓட்டினால் 66 கிலோடால்டன் அருகே தடித்த பட்டை ஒன்றுதான் தெரியும்; மொத்தப் புரதத்தைக் காட்டும் பிராட்ஃபோர்டு முறையில் அளந்தால் பி.எஸ்.ஏ.வைத்தான் அளந்திருப்பீர்கள். பூசவும், பயோட்டின் ஒட்டவும், ஆன்டிபாடி உண்டாக்கவும் பி.எஸ்.ஏ. கலக்காததைக் கேட்டு வாங்குங்கள். செல்லைத் தூண்ட மட்டும் என்றால் கலந்ததே புதியவர்களுக்குப் பாதுகாப்பு.

நான்காம் படி: என்டோடாக்சின் கணக்கு

இதில் சற்று நிதானமாக நிற்கச் சொல்வேன். நோயெதிர்ப்புச் செல்களில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான எண் டேட்டா ஷீட்டில் வேறில்லை.

ஈ. கோலையின் வெளிச்சுவரில் எல்.பி.எஸ். என்ற பொருள் இருக்கிறது. அதைத்தான் என்டோடாக்சின் என்கிறோம். புரதத்தைச் சுத்தம் செய்யும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும். மோனோசைட்டின் டி.எல்.ஆர். 4 ஏற்பி இதை மிகச் சிறிய அளவிலேயே உணர்ந்து டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 எல்லாவற்றையும் கக்கவைக்கும். உங்கள் புரதம் செய்ததா, அழுக்கு செய்ததா என்று பார்வைக்குச் சொல்லவே முடியாது.

ஷீட்டில் ‘ஒரு மைக்ரோகிராமுக்கு 1 யூனிட்டுக்குக் குறைவு’ என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். ஒரு என்டோடாக்சின் யூனிட் என்பது தோராயமாக 0.1 நானோகிராம் எல்.பி.எஸ். நீங்கள் மில்லிக்கு 10 நானோகிராம் புரதம் போட்டால், கூட வரும் என்டோடாக்சின் அதிகபட்சம் 0.01 யூனிட், அதாவது 1 பிகோகிராம். கவலையில்லை. அதே குப்பியை மில்லிக்கு 1 மைக்ரோகிராம் போட்டால் 1 யூனிட், 100 பிகோகிராம் ஆகிவிடும். மனித மோனோசைட் எழுந்துகொள்ள அது போதும். குப்பி ஒன்றுதான், டோஸ் நூறு மடங்கு ஏறியதும் சோதனையே வேறாகிவிட்டது. அதனால் ‘என்டோடாக்சின் குறைவு’ என்ற சொல்லை நம்பாமல், உங்கள் டோஸால் பெருக்கிப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

சந்தேகம் வந்தால் எளிய சோதனை உண்டு. புரதத்தில் ஒரு பங்கைக் கொதிநீர் வெப்பத்தில் வைத்துக் கெடுத்துவிட்டுச் செல்லில் விடுங்கள். பெரும்பாலான சைட்டோகைன்கள் அதில் சாகும், எல்.பி.எஸ். அந்தச் சூட்டைத் தாங்கும். கொதிக்கவைத்த பிறகும் செல் அதே பதிலைத் தந்தால் விடை கிடைத்துவிட்டது. பாலிமிக்சின் பி சேர்த்து எல்.பி.எஸ்.ஸைக் கட்டிப்போட்டும் பார்க்கலாம். இரண்டையும் செய்துவிட்டு கைடிடம் போனால் கேள்வி கேட்கவே இடமிருக்காது.

ஐந்தாம் படி: இ.டி. 50 என்ற எண்

செல்லில் பாதிப் பதிலை உண்டாக்கும் அளவுதான் இ.டி. 50. இன்டர்லூகின்-2-க்கு சி.டி.எல்.எல்.-2 என்ற எலிச் செல் பெருகுவதை வைத்தும், டி.என்.எஃப்.புக்கு எல் 929 செல் ஆக்டினோமைசின் டி-யோடு சேர்ந்து சாவதை வைத்தும் அளப்பார்கள். மில்லிக்கு 0.05 நானோகிராம் என்று இருந்தால், 10 லட்சத்தை (ஒரு மில்லிகிராமிலுள்ள நானோகிராம்) 0.05-ஆல் வகுக்க, மில்லிகிராமுக்கு 2 கோடி யூனிட். இது அந்த நிறுவனத்தின் சொந்த யூனிட். மருத்துவக் கட்டுரைகளில் வரும் சர்வதேச யூனிட்டோடு அப்படியே சமப்படுத்தாதீர்கள். இ.டி. 50 போடாமல் ‘தூய்மை 95 சதவீதம்’ என்று மட்டும் சொல்லும் குப்பி ஜெல்லில் காட்டத்தான் ஆகும். செல்லுக்கு வாங்காதீர்கள்.

ஆறாம் படி: ஆர்டரும் வெயிலும்

நிதியாண்டு முடிவதற்குள் கிரான்ட் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று எல்லோரும் பிப்ரவரி, மார்ச்சில் இன்டென்ட் போடுவார்கள். இறக்குமதிக்கு வாரங்கள் பிடிக்கும். சரக்கு வந்து சேரும்போது ஏப்ரல், மே ஆகியிருக்கும். கத்திரி வெயில் சரியாக நம் குப்பியின்மேல் அடிக்கும். முடிந்தால் அக்டோபருக்கு முன்பே கொட்டேஷன் வாங்கி, ஆண்டின் இறுதிக்குள் பொருளை வரவைத்துவிடுங்கள். விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: அவர்களிடமிருக்கும் லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) நம்பர், அந்த லாட்டின் ஆய்வுச் சான்றிதழ், எந்த வெப்பநிலையில் அனுப்புவார்கள். ஆய்வு முழுவதற்கும் ஒரே லாட்டில் வாங்க முடிந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். பொங்கல் விடுமுறையிலோ வெள்ளிக்கிழமை மாலையிலோ பார்சல் வந்து செக்யூரிட்டி அறையில் கிடக்காதபடி தேதியைச் சொல்லி வையுங்கள்.

உலர் தூளாக வரும் புரதம், ஐஸ் இல்லாமல் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். பல உலர் புரதங்கள் சாதாரண வெப்பத்தில் சில நாட்கள் தாங்கும், நிறுவனமே அப்படித்தான் அனுப்பும். கரைசலாக வரும் குப்பிக்குத்தான் ட்ரை ஐஸ் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்சலைத் திறக்கும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: திறக்கும் நாள்

குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் குளிர்ந்த கண்ணாடியில் நொடியில் நீர் கோத்துவிடும்; அந்த ஈரம் உலர் தூளுக்கு ஆகாது. மூடியபடியே டெசிகேட்டரில் வைத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். பிறகு சென்ட்ரிஃபியூஜில் அரை நிமிடம் சுற்றுங்கள். பயணத்தில் தூள் மூடியில் ஒட்டியிருக்கும். சுற்றாமல் திறந்தால் விலை கொடுத்த பொருள் மூடியோடு போய்விடும்.

எதில் கரைப்பது என்பதை அந்த லாட்டின் ஷீட் சொல்லும், அதையே செய்யுங்கள். சிலவற்றுக்குக் கிருமிநீக்கிய நீர், சிலவற்றுக்கு பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசல், டி.ஜி.எஃப். பீட்டா 1-க்கு பி.எஸ்.ஏ. கலந்த 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். எல்லாவற்றையும் பி.பி.எஸ்.ஸில் கரைக்கும் பழக்கத்தை எந்த சீனியரிடமிருந்தும் கற்றுக்கொள்ளாதீர்கள். ஷீட் வேறு அளவு சொல்லாவிட்டால், முதல் கரைசல் மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் குறையக் கூடாது. நீர்த்துப்போனால் புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் காணாமல்போகும். 10 மைக்ரோகிராம் குப்பிக்கு 100 மைக்ரோலிட்டர். சுவரோரமாக மெதுவாக விட்டு, சாய்த்துச் சுழற்றி, சற்று நேரம் அப்படியே வையுங்கள். வார்டெக்ஸ் குலுக்கி வேண்டாம், நுரை வரும்படி பைப்பெட்டும் அடிக்க வேண்டாம். நுரையில் புரதம் குலையும்.

உடனே பங்கு போடுங்கள். 10 மைக்ரோலிட்டராகப் பிரித்தால் டியூபுக்கு 1 மைக்ரோகிராம். பைப்பெட் நஷ்டம் போக ஒன்பது டியூப் தேறும். இதைவிடச் சிறிய பங்கு ஃப்ரீசரில் காய்ந்துவிடும். புரதம் ஒட்டாத டியூபையே எடுங்கள். பெயர், லாட், செறிவு, தேதி, உங்கள் இனிஷியல் ஐந்தும் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். உருக்கிய டியூபை மறுபடி உறையவிடக் கூடாது. தானாகப் பனி நீக்கும் வீட்டு ரக ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் இதற்கு ஆகாது. பனி உருக்குவதற்காக அது அவ்வப்போது சூடேறி இறங்கும். உங்கள் டியூபும் கூடவே உருகி உறையும்.

டியூப்களை இரண்டு ஃப்ரீசரில் பிரித்து வைப்பது இந்த ஊரில் அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2016 டிசம்பர் வர்தா புயலையும் பார்த்த ஆய்வகத்தாரைக் கேளுங்கள், மின்சாரம் இல்லாத நாட்கள் என்னவென்று சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஜெனரேட்டர் இணைப்பு எந்தப் பிளக்கில் இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள். பக்கத்து நிறுவனத்துக்கு டியூப் கொண்டுபோவதானால் ட்ரை ஐஸ் பெட்டியை இறுக்கி மூடாதீர்கள், கண்ணாடி ஏற்றிய காரில் வைத்துப் போகாதீர்கள்; வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு மூச்சை அடைக்கும்.

எட்டாம் படி: செல்லில் விடுவது

24 வெல் (குழி) கொண்ட பிளேட், வெல்லுக்கு அரை மில்லி, மில்லிக்கு 10 நானோகிராம் வேண்டும் என்றால் மொத்தம் 12 மில்லி மீடியம். மில்லிக்கு 100 மைக்ரோகிராம் கரைசலிலிருந்து நேரே போகாதீர்கள். ஒரு டியூபின் 10 மைக்ரோலிட்டரை 0.1 சதவீத பி.எஸ்.ஏ. உள்ள மீடியத்தில் சேர்த்து 1 மில்லியாக்குங்கள். இப்போது மில்லிக்கு 1 மைக்ரோகிராம். அதில் 120 மைக்ரோலிட்டரை எடுத்து 12 மில்லியாக்கினால் கணக்கு சரி. கன்ட்ரோல் வெல்லுக்குப் புரதம் இல்லாத அதே கரைப்பான், அதே பி.எஸ்.ஏ. போக வேண்டும்; வெறும் மீடியம் போதாது. முதல் முறை ஒரே டோஸ் வைக்காமல் பத்துப் பத்து மடங்காக நான்கைந்து டோஸ் வையுங்கள். மீடியத்தில் சேர்க்கும் சீரத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் இருப்பதால், இ.ஜி.எஃப்., டி.ஜி.எஃப். பீட்டா போன்றவற்றுக்குச் செல்லைக் குறைந்த சீரத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். எஃப்.ஜி.எஃப். 2, 37 டிகிரியில் ஒரு நாளுக்குள்ளேயே பெரும்பாலும் வலுவிழக்கும். நீண்ட கல்ச்சருக்கு ஹெப்பாரின் சேர்ப்பதோ அடிக்கடி புதிதாக விடுவதோ தேவை.

வாங்கிய புரதத்தைக் கல்ச்சரில் விட ஆய்வகப் பழக்கம் போதும். ஆனால் மனித ரத்தத்திலிருந்து செல் பிரிப்பதானால் நெறிமுறைக் குழு அனுமதியும், விலங்கில் செலுத்துவதானால் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதியும் முதலில் வர வேண்டும். மில்லிகிராம் கணக்கில் தேவைப்பட்டு நீங்களே பி.எல். 21 என்ற ஈ. கோலை வகையில் தயாரிக்க நினைத்தால், உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் குளோனிங்குக்கு முன்பே விண்ணப்பியுங்கள். மரபணு மாற்றிய உயிரிகள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி அது கட்டாயம். ஆய்வுக்கென்று விற்கும் குப்பி எந்தச் சூழ்நிலையிலும் மனித உடலுக்குள் போகக் கூடாது.

பதில் வராவிட்டால்

மூன்று நாள் கழித்து வரும் முடிவை வைத்துக் குப்பியைக் குறை சொல்லாதீர்கள், முதல் அரை மணி நேரத்தைப் பாருங்கள். டி.என்.எஃப். உயிரோடு இருந்தால் 15 முதல் 30 நிமிடத்தில் செல்லுக்குள்ளிருக்கும் ஐ-கப்பா-பி ஆல்ஃபா என்ற புரதம் சிதையும். இன்டர்ஃபெரான் காமா என்றால் அதே நேரத்தில் ஸ்டாட் 1 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறும். இ.ஜி.எஃப். என்றால் 5, 10 நிமிடத்திலேயே அதன் ஏற்பியில் தெரியும். ஒரு வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் பிரித்த புரதத்தை ஆன்டிபாடியால் காட்டும் முறை) போதும். அதில் பதில் வந்தால் புரதம் நன்றாக இருக்கிறது, உங்கள் நீண்ட சோதனையில்தான் ஏதோ கோளாறு. வராவிட்டால் வேறு டியூப், பிறகு அந்த ஏற்பி இருப்பதாக உறுதியாகத் தெரிந்த வேறு செல் என்று வரிசையாகப் போங்கள். அதிலும் வராவிட்டால் லாட் நம்பர், கரைத்த தேதி, கரைப்பான், செறிவு, பிளாட் படம் ஐந்தையும் இணைத்து நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவிக்கு எழுதுங்கள். இவ்வளவு விவரத்தோடு வரும் கடிதத்துக்குப் பெரும்பாலும் மாற்றுக் குப்பி வந்துவிடும்.